பண்ணையும் பறையும்: அடிமை வாழ்வில் விளைந்த பண்பாடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



தென்பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலம் தமிழுக்குத் தந்த கொடைகளை இவ்வவையில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடம் கடலூரில் இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே வழங்குகிறது. சேக்கிழார் தம் புராணத்தை அரங்கேற்றியது தில்லைத் திருக்கோயிலில் என்பது மரபு. பாடியவர் பெயரும், பாடல் பெற்ற தலத்தின் பெயரும், கேட்டு மகிழ்ந்த வேந்தர் பெயரும் ஏட்டில் நின்றன. அப்பாடல் முழங்கிய கோயில்களுக்கு நெல் விளைவித்துக் கொடுத்த கைகளுக்குரியோரின் பெயர் மட்டும் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களும் பாடினார்கள், ஆடினார்கள், இறந்தோரை அழுது வழியனுப்பினார்கள், குழந்தைகளுக்குக் கதை சொன்னார்கள். பிறர் உடைமையாய் வாழ நேர்ந்தவர்கள் தமக்கென ஒரு பண்பாட்டை எவ்வாறு ஆக்கிக்கொண்டார்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

இவ்வினாவை உலகில் மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் கரீபியத் தீவுகளின் வரலாற்றாசிரியர்கள். யமேக்காவில் பிறந்த ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட நூலில் அடிமைத்தனத்தைச் சமூக மரணம் என்று விளக்கினார். பிறப்பால் வரும் உறவு, முன்னோர் நினைவு, பெயர், மதிப்பு ஆகிய எதற்கும் சட்டத்தின் காப்பு இல்லாத நிலையையே அவர் அவ்வாறு குறித்தார். பார்படாசுக் கவிஞர் எட்வர்ட் கமாவ் பிராத்வெயிட்டோ 1971இல் வெளியிட்ட யமேக்கா பற்றிய ஆய்வில், அதே அடிமைகள் ஒரு புதுச் சமூகத்தையும் புது மொழியையும் படைத்ததை எடுத்துக்காட்டினார். சட்டத்தின் கண்ணில் இறந்தவர்கள் சேரியில், குடிசையில், இரவில் உயிரோடிருந்தார்கள் என்பதால் இவ்விரு கூற்றும் ஒருங்கே பொருந்துவனவாம்.

ஓலையில் எழுதிய மனிதர்

அடிமை என்ற சொல் தமிழில் இரு வேறு வாழ்வு வாழ்ந்திருக்கிறது. பக்தி இலக்கியத்தில் அது உயர்ந்த பட்டம். இறைவனுக்கு அடிமை பூண்டோர் அடியார் எனப்பட்டனர். நிலத்திலோ அது விலைப் பொருளின் பெயர். இவ்விரு பொருளும் ஓரிடத்தில் சந்திப்பதைப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் காணலாம். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த புத்தூரில், மணக்கோலத்தில் நின்ற சுந்தரரை வழிவழி அடிமை என்று கூறி முதியவர் ஒருவர் ஆளோலை காட்டுகிறார். ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிய, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வைக்கப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஆவணத்தோடு ஒப்பிடப்படுகிறது. முடிவில் அவை சுந்தரர் தோற்றதாகவே தீர்ப்பளிக்கிறது. வழக்குக்கு வந்தவர் இறைவன் என்பதால் இக்காட்சி அருட்செயலாகிறது. ஆயினும், ஒரு மனிதன் தன்னையும் தன் வழித்தோன்றல்களையும் எழுதிக் கொடுக்கலாம், அவ்வெழுத்து பேரனையும் கட்டும் என்ற நடைமுறை கேட்போருக்கு முன்பே பழகியிருந்தாலன்றி அக்காட்சி அவர்களுக்கு விளங்கியிராது. சேக்கிழார் அந்நடைமுறையை விளக்கவில்லை. அதற்குத் தேவை எழவில்லை.

கல்வெட்டும் இதற்குச் சான்று தருகிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் 1201ஆம் ஆண்டையொட்டி நேர்ந்த பஞ்சத்தில், வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. பசி வந்தபோது சாதியும் காக்கவில்லை. பஞ்சம் நீங்கிய பின்னும் பண்ணையில் நிலையாகக் கட்டுண்டு கிடந்தோர் பெரும்பாலும் பறையரும் பள்ளருமே.

பதினேழாம் நூற்றாண்டில் இவ்வணிகம் கடலேறியது. டச்சுக் கம்பெனியின் பண்டகசாலைகள் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இருந்தன. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கானோர் விலைக்கு வாங்கப்பட்டு இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அக்கரையில் நெய்து சாயமிட்ட துணியோ வேறொரு வழியில் அடிமை வணிகத்தோடு பிணைந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு எடுத்துச் சென்று அங்கு மனிதர்களை வாங்க விலையாகக் கொடுத்தன. தறியில் அமர்ந்திருந்த நெசவாளி, தான் நெய்த முழம் எந்தக் கரையில் எந்தத் தாயின் பிள்ளைக்கு விலையாயிற்று என்பதை அறிந்திருக்க வழியில்லை.

கரும்புத் தோட்டத்தின் இரவு

அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும் பகுதியினர் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே வேலை அணி அணியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வலியோர் முதல் அணியில் குழி தோண்டிக் கரும்பு வெட்டினர். இளைஞரும் தளர்ந்தவரும் இரண்டாம் அணி. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் கூடப் புல் பறிக்கும் அணியில் சேர்க்கப்பட்டனர். அறுவடைக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் இரவு பகலாக ஓய்வின்றி இயங்கின.

இத்தகைய வாழ்வில் பண்பாட்டுக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழும். முதல் இடம், தோட்டத்தின் ஓரத்தில் தரிசாய்க் கிடந்த நிலம். யமேக்கா போன்ற தீவுகளில் முதலாளிகள் உணவுச் செலவைக் குறைக்க அடிமைகளே பயிரிட்டு உண்ணும்படி மலைச்சரிவில் சிறு துண்டுகளை விட்டுவைத்தனர். அங்கு விளைந்த கிழங்கையும் காயையும் ஞாயிறுதோறும் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றவர்களுள் பெண்கள் மிகுதி. சந்தையில் காசு கைமாறியது. செய்தியும் பாட்டும் வெவ்வேறு தோட்டத்தார்க்கிடையே பரவின. முதலாளியின் சிக்கனத்தால் ஒதுக்கப்பட்ட நிலமும் நாளும் அடிமைகளின் பொதுவாழ்வுக்கு அடித்தளமாயின.

இரண்டாம் இடம் இரவு. சிலந்தி அனான்சியின் கதைகள் அகான் மக்களிடமிருந்து வந்தவை. வலியோரைச் சூழ்ச்சியால் வெல்லும் அச்சிறு உயிரைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு, வலியவர் யார் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் இடம் இறப்பு. அடக்கச் சடங்கில் முழவும் பாட்டும் சூழ, இறந்தவர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார் என்றே பலர் நம்பினர்.

ஆட்சியாளர் இவற்றின் வலிமையை நன்கு உணர்ந்திருந்தனர். 1685இல் பிரான்சு இயற்றிய கருப்பர் சட்டம், வெவ்வேறு முதலாளிகளின் அடிமைகள் திருமணத்தின் பெயரால் கூட ஒன்றுகூடக் கூடாது என்று தடுத்தது. 1688ஆம் ஆண்டுப் பார்படாசுச் சட்டம் முரசையும் கொம்பையும் தடை செய்தது. அவற்றின் ஒலி தோட்டம் விட்டுத் தோட்டம் தாண்டிச் செல்லும் என்று அஞ்சினர். அவ்வச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. 1791இல் செந்தொமிங்கில் தொடங்கிய எழுச்சிக்கு முன் அடிமைகள் இரவில் கூடி நடத்திய வழிபாடு எயிட்டி மக்களின் நினைவில் இன்றும் நிற்கிறது. 1804இல் அந்நாடு எயிட்டி என்ற பெயரோடு விடுதலை பெற்றது.

பண்ணையின் ஒழுங்கு

தென்னார்க்காட்டுப் பண்ணை கரீபியத் தோட்டம் போன்றதன்று. இங்கே ஆண்டையும் ஆளும் ஒரே மொழி பேசினர். ஒரே மாரியம்மனுக்கு அஞ்சினர். பல தலைமுறைகள் ஒரே ஊரின் இரு முனையில் வாழ்ந்தனர். கப்பலில் வந்த அந்நியரை அடையாளம் காட்டத் தோலின் நிறம் போதுமாயிருந்தது. இங்கோ தெரு, கிணறு, உடை, பேச்சு, பெயர் ஆகியவற்றால் அவ்வேற்றுமை நாள்தோறும் புதிதாக நிறுவப்பட வேண்டியிருந்தது. மேல்துண்டு தோளில் கிடக்கக் கூடாது. செருப்பு தெருவில் ஒலிக்கக் கூடாது. பெயரின் பின்னே மதிப்பு விகுதி ஒட்டக் கூடாது. கசையடியும் சாணிப்பாலும் கீழ்த்தஞ்சையிலும் கொள்ளிடக் கரையிலும் முதியோர் வாய்மொழியில் அண்மைக் காலம்வரை வழங்கின.

சென்னை வருவாய் வாரியம் 1819இல் மாவட்ட ஆட்சியர்களிடம் விளக்கம் கேட்டபோதே, நிலத்தோடு கட்டப்பட்ட ஆள்கள் தமிழ் மாவட்டங்களில் இருப்பது அரசின் ஏட்டில் பதிவாயிற்று. பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நாள் கரீபியத் தீவுகளில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது. இந்தியாவுக்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் அடிமைகளை விடுவித்து முழங்கிய சட்டமன்று. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று மட்டுமே சொன்னது. அடிமையை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின 1862இல், இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே. சேரியில் எவரும் தண்டோரா போட்டு இதை அறிவிக்கவில்லை. ஆளோலை மறைந்தது, கடன் சீட்டு அவ்விடத்தில் வந்தது. திருமணத்துக்கு வாங்கிய நெல்லும் பணமும் தந்தையைக் கட்டின. தந்தை மறைந்ததும் மகனைக் கட்டின. குடிசை நின்ற மனைக்கட்டும் ஆண்டையுடையதாய் இருந்தமையால், எதிர்த்துப் பேசியவன் அன்றே கூரையையும் இழந்தான்.

இந்த ஒழுங்குக்குள் பாட்டுக்கு ஓர் இடம் இருந்தது. நடவு வயலில் பெண்கள் குலவையிட்டுத் தொடங்குவர். ஒருத்தி அடியெடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். கைகள் ஒரே தாளத்தில் நாற்றை ஊன்றுவதற்கு அப்பாட்டு உதவியது என்பதால் ஆண்டையும் அதை விரும்பினார். பாட்டின் பொருளோ அவர் கையில் இல்லை. வரப்பில் குடைபிடித்து நிற்பவரைப் புகழ்வதுபோல் தொடங்கி, மரக்கால் சிறுத்துப்போனதையும், வெற்றிலைக்குக் கூடக் கை நீளாததையும், கணக்கு எழுதுவோனின் கள்ளத்தையும் சுட்டிக்காட்ட நடவுப்பாட்டு இடம் தந்தது. நேரே சொன்னால் அடி விழும் சொல், பாட்டில் வந்தால் சிரிப்போடு கழிந்தது. இப்படிப்பட்ட பாட்டுகளில் ஒரு பகுதியை அச்சில் ஏற்றிய பெருமை நா. வானமாமலை அவர்களுக்கு உண்டு. அவருடைய தமிழர் நாட்டுப்பாடல்கள் தொகுதி 1964இல் வெளிவந்தது.

ஒப்பாரியும் இத்தகையதே. பறைச்சேரியின் பெண்கள் ஆண்டை வீட்டு இழவுக்கும் மாரடித்து அழ அழைக்கப்பட்டனர். பிறர் பிணத்தின் முன் அழும்போது தம் துயரத்தையும் சேர்த்து அழ எவரும் தடை விதிக்கவில்லை. எவர் கண்ணீர் எவருக்காக என்பதைப் பிரித்தறிய முடியாத அவ்விடத்தில் உரிமையோடு கூடிய கவிதை பிறந்தது.

பறையின் நிலை மேலும் சிக்கலானது. பார்படாசில் முரசு தடைசெய்யப்பட்டது. தென்னார்க்காட்டிலோ பறை கட்டாயமாக்கப்பட்டது. சாவுக்கும், திருவிழாவுக்கும், ஊர் அறிவிப்புக்கும் அடித்தாக வேண்டும். மறுத்தால் தண்டனை உண்டு. ஆகவே இங்கே கலை என்பதே ஊழியத்தின் மறுபெயராயிற்று. எனினும் தீயில் தோலைக் காய்ச்சிச் சுருதி சேர்க்கும் நுணுக்கம், அடிவகைகளின் வரிசை, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும் பாங்கு ஆகியவை எந்த ஆண்டையும் கற்றுத் தந்தவை அல்ல. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற ஒரே சொத்து, நிலமற்ற அக்குடிகளில், இந்தக் கல்வியே.

நாளை என்ற சொல்

இவ்வாழ்வின் உள்ளே நுழைந்து பார்த்த தமிழ் இலக்கியம் நந்தனார் கதை. சேக்கிழாரின் திருநாளைப்போவார் கொள்ளிடக் கரையின் ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். தில்லை செல்ல விழையும் அவரைத் தடுப்பது தம் பிறப்பைப் பற்றிய எண்ணம். நாளைப் போவேன் என்று அவர் தள்ளிப்போடுவதற்குப் புராணம் தரும் காரணம் அதுவே. ஆண்டை எவரும் அங்கே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் ஒருவர் பண்ணைத் தலைவராக வந்து சேர்கிறார். தில்லை செல்ல நந்தனார் அவரிடம் விடை கேட்கிறார், அவர் மறுக்கிறார், இறுதியில் நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். அருளால் ஓரிரவில் அவ்வேலை முடிகிறது. நாளைப் போவேன் என்ற சொல் இங்கே முற்றிலும் வேறு பொருள் கொள்கிறது. பண்ணையாளின் நாளை அவன் கையில் இல்லை, ஆண்டையின் வேலை முடிந்த பின்னரே அது வரும், வேலையோ முடிவதில்லை. பாரதியார் தம் காலத்துத் தஞ்சைப் பண்ணையைக் கண்ணால் கண்டவர். கண்டதைப் புராணத்துக்குள் வைத்தார். பிற்காலத்தில் புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்ற கதையிலும், இந்திரா பார்த்தசாரதி நந்தன் கதை என்ற நாடகத்திலும் இதே கேள்வியைத் தத்தம் காலத்துக்கேற்ப மீண்டும் எழுப்பினர்.

அக்கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதற்குக் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் உதவினார் என்பது பாரதியார் வரலாற்றில் குறிக்கப்படும் செய்தி. அதே ஆண்டுகளில் அதே காரைக்காலின் துறையிலிருந்து வேறு சிலர் விடை கேளாமலே கப்பலேறிக்கொண்டிருந்தனர்.

கப்பலேறிய தெய்வங்கள்

கரீபியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் கயானாவுக்கு 1838இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல்கள் சென்றன. 1845இல் சென்னையிலிருந்தும் பயணம் தொடங்கியது. பிரான்சு தன் ஆட்சிப்பகுதிகளில் 1848இல் அடிமை முறையை ஒழித்தது. ஐந்தாண்டு கழித்து, 1853 மே மாதத்தில், ஒரேலி என்ற கப்பல் தமிழ்க் கரையிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்டோரை மார்த்தினிக்கில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆள்களைக் கொண்டு சேர்த்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுத் துறைகள். ஆள்கள் வந்ததோ அவற்றைச் சூழ்ந்த தென்னார்க்காடு, தஞ்சை முதலிய பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்தும்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு நாள் நடை போதும். பண்ணையை விட்டு ஓடியவனுக்கு அந்த ஒரு நாளே எல்லை.

ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள். கூலி என்ற தமிழ்ச் சொல் ஒரு மனிதக் கூட்டத்தின் பெயராகி உலகெங்கும் சென்றது. ஆப்பிரிக்க அடிமைகள் வாழ்ந்த அதே வரிசைக் கொட்டடிகளில் பல தோட்டங்களில் இவர்கள் குடியேற்றப்பட்டனர். குவாதலூப்பில் இறப்பு மிகுந்தது; ஒப்பந்தம் முடிந்தோரைத் திருப்பியனுப்பும் கடமையும் சரிவர நிறைவேற்றப்படவில்லை. ஆதலால் 1888இல் இந்திய அரசு அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாடியது பலரும் அறிந்ததே. அட்லாண்டிக் கரையின் தமிழ்ப் பெண்களுக்கு அத்தகைய ஒரு பாட்டு தாய்நாட்டில் பிறக்கவில்லை.

அவர்கள் எடுத்துச் சென்றவை எளியவை. மாரியம்மன் குவாதலூப்பில் மாலியேமன் ஆனாள். மதுரை வீரன் மால்தெவிலின் என்ற பெயரோடு குதிரையேறி நிற்கிறான். கடலில் காத்தவர் என்று நாகூர் ஆண்டவரை நாகூர்மீரா என்ற பெயரில் வணங்கி, இந்து வழிபாட்டின் நடுவிலேயே கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகின்றனர். பூசாரி அங்கேயும் பூசாரியே. தப்பு, மத்தளம் ஆகிய இரண்டும் பெயரளவில் சற்றே திரிந்து ஒலிக்கின்றன. மார்த்தினிக்கில் சாமி வந்தவர், இருவர் ஏந்திய கூரிய கத்தியின்மேல் நிற்கிறார். கரும்பு வெட்டும் தொழிற்கருவியே அங்குத் தெய்வம் இறங்கும் பீடமாயிற்று. நாடகம் என்ற சொல் நாத்ரோன் ஆகி, இரவு முழுதும் ஆடும் கூத்தின் பெயராய் நின்றது. அதை நடத்திய வாத்தியார் தமிழ்ப் பாட்டைப் பொருள் முழுதும் அறியாமலே தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாய்க் காத்தார். பாகற்காய் அங்கே பரோக்கா எனப்படுகிறது. கொலொம்போ என்ற கறி குழம்பு என்ற சொல்லின் திரிபு என்று பலர் கருதுவர். அது இன்று தீவு மக்கள் அனைவரின் உணவு. மதராசு என்ற கட்டம்போட்ட துணி ஆப்பிரிக்க வழிவந்த பெண்களின் தலைக்கட்டாகி, அத்தீவுகளின் அடையாள உடையாய் விளங்குகிறது. கயானாவின் காளிமாய் வழிபாட்டில் தப்பு ஒலிக்கும்போது ஆப்பிரிக்க வழியினரும் வந்து நிற்கின்றனர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் தம் உழைப்புக்கு நியாயமான கூலி கேட்ட வேளையில், அக்கூலியைத் தாழ்த்தவே முதலாளிகள் இந்தியரைக் கொணர்ந்தனர். இரு சாராரிடையே பகையும் இகழ்ச்சியும் வளர்ந்தன. ஒப்பந்தக் கூலியை ஹியூ டிங்கர் 1974இல் தம் நூல் தலைப்பில் புதிய அடிமை முறை என்று அழைத்தார். ஒப்பந்தக்காரரின் பிள்ளைகள் விற்கப்படவில்லை. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் இருந்தது. துன்பத்தை அளக்கும்போது இவ்வேறுபாட்டை அழித்தல் ஆப்பிரிக்கரின் நினைவுக்குச் செய்யும் அநீதியாகும்.

குவாதலூப்பின் காப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஒருவர் பெயர் ஆன்றி சிதம்பரோம். தென்னிந்தியாவிலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை அவர். அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டபோது 1904இல் வழக்காடத் தொடங்கினார். 1923வரை அப்போராட்டம் நீண்டது; முடிவில் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியாயிற்று. அவர் 1952இல் மறைந்தார். தில்லையின் பெயரைத் தாங்கிய அம்மனிதர், தில்லையைக் காணாமலே, வாயிலில் நின்று விடை கேட்கும் பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தவர்.

மறுத்தலும் மீட்டலும்

கடல் தாண்டாமல் ஊரிலேயே நின்றவர்களும் வாளாவிருக்கவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நந்தனாரின் பெயரைப் பக்தியிலிருந்து கல்விக்கு அழைத்து வந்த செயல் அது. தஞ்சையில் நடந்த உழவர் போராட்டங்களின் விளைவாக 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் நாடு முழுமைக்கும் வந்தது. இதே காலத்தில் பல சேரிகளில் இளைஞர் சாவுக்குப் பறையடிக்க மறுத்தனர். சில ஊர்களில் அதற்காக வன்முறையையும் எதிர்கொண்டனர். 1990கள் தொட்டு அதே பறையைக் கலைமேடையில் தம் விருப்பால் முழக்கும் குழுக்கள் எழுந்தன. முன்னது கலையைக் கைவிடுதல், பின்னது கலையைப் போற்றுதல் என்று எளிதில் பிரித்துவிடலாகாது. யாருக்காக, எப்போது, எவர் விருப்பால் அடிப்பது என்பதைத் தாமே முடிவு செய்வதில் இரண்டும் ஒன்றே. குவாதலூப்பில் அடிமைகளின் முரசிசையான குவோகா 2014இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அதை முழக்கியவர்கள் ஒரு காலத்தில் இழிவுக்கு உள்ளானவர்களே.

இலக்கியவாதிகளுக்கு இதிலிருந்து இரண்டு பொறுப்புகள் பிறக்கின்றன. ஒன்று, அடிமையின் பாட்டைக் கேட்டு அவர் மகிழ்ந்திருந்தார் என்று முடிவு கட்டாதிருத்தல். பாட்டும் சிரிப்பும் நிறைந்த பண்ணை என்ற இனிய சித்திரத்தைத் தோட்ட முதலாளிகள் தம் நூல்களில் விரும்பி எழுதினர். நம் நாட்டு ஊர்ப் பெருமை நூல்களிலும் அதன் நிழல் உண்டு. மற்றொன்று, துன்பத்தைப் பேசும்போது துன்பத்தை மட்டுமே பேசி, அவர்களின் ஆக்கத்தை அழித்துவிடாதிருத்தல். சவுக்கை நினைவில் வைத்துக்கொண்டே தாளத்தையும் கேட்கத் தெரிய வேண்டும்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும் நடவுப்பாட்டைப் பாடிய கடைசித் தலைமுறைப் பெண்கள் முதுமையில் இருக்கின்றனர். எந்திரம் நடும் வயலில் பாட்டுக்கு இடமில்லை. அவர்களிடமிருந்து எழுதி வாங்கப்படும் பாட்டின் அடியில், பாடியவர் இசைந்தால், அவர் பெயரும் ஊரும் இருத்தல் வேண்டும். நாட்டுப்பாடல் என்ற பொதுப் பெயரால், தொகுத்தவர் பெயர் அட்டையிலும் பாடியவர் பெயர் எங்குமில்லாமலும் அச்சேறுமானால், ஆண்டையின் களத்தில் நெல் அளந்த அதே மரக்கால்தான் இலக்கியத்திலும் அளக்கிறது என்று பொருளாகும். பத்தாண்டு நிறைவுற்ற ஓர் இலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டின் முதல் வேலையாக இதை மேற்கொண்டால் அதற்குச் செலவு மிகுதியில்லை. ஒரு குறிப்பேடும், ஒலிப்பதிவுக் கருவியும், பாடும் அம்மையார் வீட்டுத் திண்ணையில் அவருக்கு ஓய்வுள்ள நேரம் வரை காத்திருக்கும் பொறுமையும் போதும்.